முன்வரிசையில் என் மகள்

1

பாரிஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் தலைக்கு வலைத்தொப்பி மாட்டினால், பிள்ளைகள் சாப்பிட்டுப் போய், தட்டெல்லாம் கழுவி அடுக்கும்வரை உட்கார முடியாது. வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்தான் எனக்கு உங்கள் ஞாபகம் வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த மாதப் பத்திரிகையில் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். யோசனையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, குளிரில் திரும்பி நடந்து வந்த நாட்களும் உண்டு.

இந்த மாதம் பனி இல்லை, மெட்ரோ இல்லை, இங்கே முருங்கைக்காய் என்ன விலை என்பதும் இல்லை. படிக்கிற உங்களைப் பற்றியும், எழுதுகிற என்னைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். நானும் கோபமாகத்தான் இருக்கிறேன், பாதி உங்கள் மேல், பாதிக்கு மேல் என் மேல்.

இந்தப் பத்திரிகை ஆசிரியர் உழவர்கரையில் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஒருமுறை நான் ஊருக்கு வந்திருந்தபோது, "அங்க நடக்கறத எழுதிக் குடுங்க மேடம், நம்ம ஜனங்க ஆசையா படிப்பாங்க" என்றார். நானும் திரும்பி வந்ததும் வரிந்து கட்டிக்கொண்டு எழுதினேன். பிரான்சுக்கு வந்த புதிதில், தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க இருட்டு விலகும் முன்பே அலுவலக வாசலில் வரிசையில் நின்ற கதை. கை விரைத்துப்போனது, எனக்கு முன்னால் நின்ற ஆப்பிரிக்கப் பெண்மணி தன் சால்வையில் பாதியை என் தோளில் போட்டது, உள்ளே போனதும் ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பியது எல்லாம் எழுதியிருந்தேன். ஆசிரியர் போனில் சிரித்தார்.

"மேடம், இங்க எல்லாருக்கும் வரிசைல நின்னு நின்னுதான் கால் வீங்கிப் போயிருக்கு. அங்க போயும் வரிசையான்னு தூக்கிப் போட்டுடுவாங்க. யாருக்கு எழுதறோம்னு தெரிஞ்சிகிட்டு எழுதணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது எனக்குப் புதிது இல்லை. மகள் பிறந்த சமயம், பெரிய வீடு கேட்டு இங்குள்ள நகராட்சிக்கு, அதாவது மேரிக்கு, ஒரு கடிதம் எழுதினேன். ஊரில் மனு எழுதுகிற பழக்கத்தில், என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர், எந்தெந்த நாட்டில் குண்டடிக்கு நடுவே நின்றார், ஒற்றை அறையில் பச்சைக் குழந்தையோடு நான் படும் பாடு என்ன என்று உருகி உருகி எழுதியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகப் படித்தாள். "உங்கள் மாமனாரை மதிக்கிறேன் மதாம். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அதைத்தான் நான் எங்கேயும் எழுதவில்லை.

2

அதன் பிறகு கற்றுக்கொண்டேன். உங்களைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் வீட்டில் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இந்தப் பக்கம் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறார்கள், வெயில் என்கிறார்கள், கொசு என்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகு வீட்டில் இருக்கும் மௌனத்தை யாரிடம் சொல்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அங்கேயே இருக்கிற ஒருத்திக்கும் இதே கதிதான் என்று படித்தால் உங்களுக்கு மனசு ஆறுகிறது. இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உங்கள் போன்களிலிருந்து தெரிந்துகொண்டேன்.

என் மகளைப் பற்றி முதலில் எழுதியது ஒரு சின்ன விஷயம். இட்லியைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து அறுத்துச் சாப்பிடுகிறாள் என்று எழுதினேன். அவளுக்கு 'எங்கள் வீட்டுத் துரைசாணி' என்று பேர் வைத்தேன். அந்த மாதம் அண்ணன் வீட்டுக்குப் போன் மேல் போன். முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, தன் பேத்தி தோசையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று அண்ணியிடம் அரை மணி நேரம் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் என்ன, துரைசாணி மாதாமாதம் வந்தாள். கடையில் நான் ரொட்டி கேட்ட பிரெஞ்சைத் திருத்தினாள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அப்பா மட்டும் வந்தால் போதும் என்றாள். பொங்கல் அன்று பரீட்சை என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாம் நடந்ததுதான், ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. நடந்ததில் எதை எடுத்தால் நீங்கள் 'உச்' கொட்டுவீர்கள் என்று எனக்குக் கைவந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு என் அப்பா இறந்தார். எனக்கு உடனே விடுப்பு கிடைக்கவில்லை, காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. அதைப் பற்றி எழுதிய கட்டுரை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: 'அப்பா போய்விட்டார் என்ற செய்தி வந்த அன்று மாலை, என் துரைசாணி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு தோழியின் பிறந்தநாளுக்குக் கிளம்பினாள். நான் ஜன்னலில் நின்று அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.'

அந்தப் பத்தியை வெட்டி எடுத்துப் பர்சில் வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். நான் எழுதியதிலேயே உங்களை அதிகம் அழ வைத்தது அதுதான். எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது, அதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

3

எங்கள் வீட்டில் தமிழ் என்பது கதவைச் சாத்திக்கொள்வதற்கான மொழி. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றால் தமிழ், வீட்டு வாடகை ஏறினால் தமிழ், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தமிழ். மகளிடம் பிரெஞ்சு. அவளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு சின்ன வயதிலேயே நின்றுபோனது. அதனால் தமிழில் எழுதுவது அவளுக்குக் கேட்காத இடத்தில் நின்று பேசுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்தால் இது அப்படியே தலைகீழாகும். கடைக்காரர் முன்னால் விலை அதிகம் என்று சொல்ல வேண்டும், உறவுக்காரர் வீட்டுக் காபி வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும் என்றால் மகளிடம் பிரெஞ்சில் சொல்வேன். வேறு எந்த ஊராக இருந்தாலும் இது செல்லும். புதுச்சேரியில் போய்ப் பிரெஞ்சில் ரகசியம் பேசுகிறவளை என்னவென்று சொல்வது? எத்தனை முறை மாட்டிக்கொண்டாலும் எனக்குப் புத்தி வரவில்லை.

போன விடுமுறையில் பத்திரிகையின் ஆண்டுவிழா வந்தது. எழுதுகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறோம், நீங்களும் வந்தே ஆகவேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதம் பிடித்தார். வளர்ந்த பிறகு எங்கும் என்னோடு வராத மகள், படிப்பு முடித்த கையோடு, தானும் வருகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியம். தன் மாமன் மகள், என் அண்ணன் பெண் நித்யாவோடு ஊர் சுற்ற ஆசை போல என்று நினைத்தேன்.

கூட்டத்தில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முதலில் பேசியவர் மைக்கை விடுவதாக இல்லை. நான் மகள் பக்கம் சாய்ந்து, இந்த ஆள் நிறுத்துவதற்குள் நம் விமானம் போய்விடும் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தேன். எனக்கு இந்தப் பக்கம் இருந்த பெரியவர், சட்டையில் பட்டாளத்துப் பதக்கம் குத்தியிருந்தவர், திரும்பாமலே, "இவன் எப்பவும் இப்பிடித்தாம்மா" என்றார். மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அடுத்து சிறப்பு விருந்தினர் வந்தார். ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், நன்றாகப் பேசுகிறவர். எடுத்தவுடன் என் கட்டுரைகளைத்தான் பிடித்தார். "இட்லிய அறுவை சிகிச்சை பண்ணிச் சாப்பிடற ஒரு துரைசாணிய நம்ம எல்லாருக்கும் தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. ரொட்டிக் கடை, பள்ளிக்கூடக் கூட்டம், பொங்கலுக்குச் சாத்திய கதவு என்று ஒவ்வொன்றாக எடுத்து, கையை ஆட்டி, குரலை மாற்றி நடித்தே காட்டினார். சிரித்துச் சிரித்து ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் என் காதருகே வந்து, "எதற்குச் சிரிக்கிறார்கள், மமான்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"பனியைப் பற்றி எழுதியிருந்தேன் இல்லையா, நான் வழுக்கி விழுந்தது. அதைச் சொல்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது.

அவள் தலையாட்டினாள். பேச்சாளர் குரலை இறக்கினார். எங்கள் அப்பா இறந்த அன்று மாலைக்கு வந்துவிட்டார். அந்தப் பத்தியை வரி மாறாமல் மனப்பாடமாகச் சொன்னார். கூடம் முழுக்க உச்சுக் கொட்டுகிற சத்தம். "அந்தப் பிள்ளையே இன்னைக்கு இங்க வந்திருக்கு" என்று முன்வரிசையைக் காட்டினார். "நாம பேசறது ஒண்ணும் புரியாம, சிரிச்ச மொகமா உக்காந்திருக்கு பாருங்க. இப்பிடித்தாங்க நம்ம பிள்ளைங்கள நாம தொலைச்சோம்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். என் மகள் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது எழுந்து நின்று கைதட்டினாள். கூட்டம் கலைந்து வெளியே வரும்போது பதக்கம் குத்திய பெரியவர் என் அருகில் வந்து, "நீ பனின்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சிம்மா" என்றார். குடையை ஊன்றிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

4

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் அண்ணி மீன் அலசிக்கொண்டிருந்தார். அண்ணன் தேங்காய்த்திட்டுத் துறைமுகம் வரைக்கும் போய்க் வியாபாரிகள் கூடை பிரிப்பதற்குள் வாங்கி வந்திருந்த சங்கரா மீன். நித்யாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்தவள் முகம் சரியில்லை.

"ஸ்கூல்லேர்ந்து. வேணான்னுட்டாங்க" என்றாள், என்னிடம் இல்லை, என் மகளிடம். தமிழில் சொன்னாள்.

"எந்த ஸ்கூல்?" என்று கேட்டேன்.

நித்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இங்கதான் அத்த, ரெட்டியார்பாளையத்துல. பிரெஞ்சு சொல்லிக்குடுக்க ஆள் கேட்டாங்க. ஒரு வருஷம் இங்கயே இருக்கணும்னு இவதான் ஆசப்பட்டா. எல்லாம் பேசி முடிஞ்சிருந்தது. நேத்து கூட்டத்துக்கு அந்த பிரின்சிபல் மேடமும் வந்திருந்தாங்களாம்."

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இவள் ஒரு வருடம் இங்கேயா? மகளிடம் திரும்பி, என்ன இது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அவள் தமிழில் பதில் சொன்னாள். "நீ மட்டும் எங்கிட்ட சொன்னியாம்மா?"

அண்ணி கையில் மீனோடு நின்றுவிட்டார். என் மகள் வாயிலிருந்து முழு வாக்கியமாகத் தமிழ் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மமான் போய் அம்மா வந்திருந்தது. அதுவும் எங்கள் தெருப் பேச்சு, நித்யா பேச்சு.

நித்யா பழைய ஊருக்குள், வெள்ளைக்காரத் தெருவில், ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறாள். வேலைக்குப் பிரெஞ்சு வேண்டும். என் மகளுக்குத் தமிழ் வேண்டும். தாத்தா போன பிறகு, அவருடன் ஒரு வார்த்தை அவர் பேச்சில் பேசியதில்லையே என்று இவளுக்கு ஆற்றாமை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாடப்புத்தகம் என்ன தெரியுமா? நான் எழுதியவை. மெட்ரோ, பனி, ரொட்டிக் கடை என்று இவளுக்குத் தெரிந்த விஷயமே எழுத்தாக இருப்பதால் சுலபமாக இருக்கும் என்று நித்யாவுக்குத் தோன்றியிருக்கிறது. பத்திரிகையைப் போன் முன்னால் பிடித்து எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்திருக்கிறாள். துரைசாணி வரும் இடத்தில் மட்டும், 'இந்தப் பக்கம் பிரிண்ட் சரியா விழல' என்று புரட்டிவிடுவாளாம்.

"ஆனா வீட்ல அலமாரில அடுக்கி வச்சிருக்கியே" என்றாள் மகள். "எனக்குப் படிக்க வந்ததும் அத எடுத்துப் படிச்சேன். வெரல் வச்சி வச்சிப் படிச்சேன். தாத்தா பக்கத்துக்கு மட்டும் ரொம்ப நாளாச்சி."

"அப்ப நேத்து..."

"நேத்து எல்லாம் புரிஞ்சிது. நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன். பனின்னு சொன்ன."

அண்ணி மெல்ல, "விடுடி கண்ணு, ஊர் ஆயிரம் பேசும்" என்றார்.

"ஊர் பேசல அத்த. எங்கம்மா பேசனாங்க" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா செத்துட்டாருன்னு அன்னிக்கி எங்கிட்ட நீ சொன்னியா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. அண்ணன் போன் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வகுப்பு முடிந்து வந்து, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். தலைவலி என்றேன். என் அப்பா செத்துவிட்டார் என்பதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மொழியில் நான் ரொட்டி கேட்பேன், ரயில் கேட்பேன், மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்பேன். அதில் அப்பாவைச் சாகக் கொடுக்க முடியவில்லை. அவள் எனக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பிறந்தநாளுக்குப் போனாள். மறுநாள் அவள் அப்பா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இதில் எதையும் நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தப் பத்தியைப் பர்சில் வைத்திருக்கும் அளவுக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. மாத்திரையை எடுத்துவிட்டு உதட்டுச்சாயத்தை மட்டும் வைத்தேன். எழுதும்போது எனக்குத் தெரிந்தேதான் செய்தேன்.

இந்த இடத்தில் இன்னொரு பத்தி இருந்தது. அன்று காலை அவள் அதற்கு மேல் என்ன சொன்னாள், என்ன செய்தாள் என்று. அதை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

5

அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்து அந்தப் பள்ளிக்குப் போனேன். முதல்வர் அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார். "நீங்க எழுதறத ஒரு மாசம் விடமாட்டேன் மேடம்" என்றார். எனக்குக் காபி வரவழைத்தார்.

"அந்தக் கட்டுரைல ஒரு விஷயம் விட்டுப்போச்சி" என்று ஆரம்பித்தேன். "எங்கப்பா போன விஷயம் அன்னிக்கி என் பொண்ணுக்குத் தெரியாது. நான்தான் சொல்லல."

"அப்ப எழுதனது பொய்யா?"

"பொய் இல்ல. எழுதனதெல்லாம் நடந்ததுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்காக ஒரு அம்மா வந்து பேசறது எனக்குப் புரியுது. யாரா இருந்தாலும் இப்பிடித்தான் பேசுவாங்க. ஆனா எங்க பேரன்ட்ஸ் நெறைய பேரு அந்தப் புத்தகம் படிக்கிறவங்க. நேத்து கூட்டத்துலயும் இருந்தாங்க. அந்தப் பொண்ணான்னு கேப்பாங்க. நீங்க ஒவ்வொரு வீடா போயி சொல்லுவீங்களா?"

"இப்ப நான் சொல்றத நீங்க நம்பறீங்களா, இல்லியா?"

"நான் நம்பறேன் மேடம். ஆனா எழுத்துல இருக்கே."

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். இத்தனை வருடம் நான் எழுதுவதை நீங்கள் நம்ப வேண்டும் என்று பாடுபட்டேன். நம்பிவிட்டீர்கள். நேரில் போய் என் வாயால் சொல்வதற்கு அதன் முன்னால் மதிப்பில்லை.

அப்படியே ஆசிரியரிடம் போனேன். ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறுப்புன்னு ரெண்டு வரி மூலைல போட்டா யாரு பாப்பாங்க? இத அப்பிடியே கட்டுரையா குடுங்க மேடம். எல்லாரும் அழுதுடுவாங்க."

"யாரும் அழ வேணாம் சார்."

"அதுக்கில்ல, துரைசாணின்னா நம்ம வாசகர்களுக்கு..."

"அந்தப் பேரை இனிமே சொல்லாதீங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். ஆசிரியர் நல்ல மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதச் சொன்னார். யார் யார் படிப்பார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

6

நான் தனியாகத்தான் திரும்பி வந்தேன். மகள் வரவில்லை. இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டினருக்கான அட்டை அவளிடம் இருப்பதால் தங்குவதில் சிக்கல் இல்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுகிறாள். இப்போதைக்கு நித்யாவின் விடுதியில் வேலை செய்யும் சில பேருக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறாள். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தாள், பெட்டியைத் தூக்கி வைத்தாள், குளிருக்குச் சட்டை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் அப்பாவுக்குப் போன் வருகிறது. அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பேசுகிறார். என்ன பேசினாள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அவர் அந்த அறையில் தமிழில் பேசுவது எனக்குக் கேட்கிறது. இந்த வீட்டில் இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறவள் நான்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையில் வந்து தட்டை நீட்டும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பிடிக்கும், எதைத் தள்ளி வைக்கும் என்று எனக்குத் தெரியும். கேரட்டைத் தொடாத பையனுக்குக் குழம்புக்கு அடியில் மறைத்துப் போடுவேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு உண்டு. வீட்டில் இருந்த ஒரே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ் படித்தது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது என்றுதான் உங்களுக்கு எழுதினேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் ஆசிரியருக்கு அனுப்பவில்லை. நித்யாவுக்கு அனுப்பி, அவளிடம் காட்டு என்றேன். எடுக்கச் சொன்னதை எடுத்தாயிற்று. தன் பேரை எங்கேயும் எழுதக் கூடாது என்றாள், எழுதவில்லை. மற்றபடி போடலாமா என்று கேட்டதற்கு, 'போட்டுக்கட்டும்' என்று நித்யா வழியாகப் பதில் வந்தது. அதில் கோபம் இருந்ததா, இல்லையா என்று எழுத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. நித்யாவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியல அத்த" என்றாள்.

போன வாரம் நித்யா இன்னொன்றும் சொன்னாள். இரண்டு பேரும் பெரிய மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருக்கிறார்கள். பூக்காரம்மா இவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீதான அந்த பிரான்சுக்காரம்மா பொண்ணு, துரைசாணி? தாத்தா சாவுக்கு..." என்று ஆரம்பித்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, பாசமாகத்தான் கேட்டிருப்பார். யாரோ படித்துக் காட்டியிருப்பார்கள். என் மகள், "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டு முல்லை கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அந்த 'ஆமாங்க்கா'வைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், உங்களை அழ வைக்க இல்லை. ஒன்று கேட்பதற்காக.

அவள் ஊரில்தான் இருக்கிறாள். கடற்கரைச் சாலையில் நடப்பாள், பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காருவாள், கடையில் உங்களுக்கு முன்னால் நிற்பாள். எப்படி இருப்பாள் என்று அடையாளம் சொல்லக் கை பரபரக்கிறது, சொல்லமாட்டேன். யோசித்து யோசித்துத் தமிழ் பேசும் ஒரு பெண்ணைப் பார்த்தால், நீதானே அது என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது. நீங்கள் சிரிக்கவும் அழவும் வேண்டும் என்று நான் ஒருத்தியைச் செய்து கொடுத்தேன், உங்களுக்குத் தெரிந்தது அவளைத்தான். என் மகளிடம் பேர் கேளுங்கள், ஊர் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள், வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அவள் உங்களிடம் என்ன சொன்னாலும் அதை எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தும் சொல்லாதீர்கள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவளே சொல்லட்டும்.